மரபணு சார்ந்த அரிய நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு வாழ்வது எப்படி? என்னைப் போன்றவர்களை எங்கே தேடுவது? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி வாழ்பவன்தான்.

எனக்கு இருப்பது எக்ஸ்.எல்.ஏ. என்ற, எக்ஸ் குரோமோசோம் வழி வரும் குறைபாடு. இதில், பி.டி.கே. என்ற மரபணுவில் உள்ள கோளாறால் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் முதிர்ச்சி அடைவதில்லை, கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான ஆன்டிபாடிகள் உருவாவதில்லை. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்நோயை விவரித்தார். காரணமான மரபணு 1993இல்தான் பிடிபட்டது.

உங்களுக்கு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மரபணுவின் பெயர் உட்பட. பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள் 400க்கும் மேல் இருக்கின்றன. எனக்கு உயிர் காப்பது இன்னொருவருக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். சி.ஜி.டி. என்ற இன்னொரு வகைக் குறைபாடு உள்ளவருக்கு ஆன்டிபாடிகள் இருக்கும். விழுங்கிய கிருமியைக் கொல்லத்தான் அவருடைய வெள்ளை அணுக்களால் முடியாது. மட்கிய இலைக் குவியலைக் கிளறினால் பூஞ்சைத் தொற்று வரும் என்று அவர் அஞ்ச வேண்டும். என் கவலையெல்லாம் காது, சைனஸ், நுரையீரல்.

என் உடல் செய்யாத வேலையை முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மா செய்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை, அதாவது ஆன்டிபாடிகளை, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். வாரம்தோறும் தோலுக்கடியில் தாமே செலுத்திக்கொள்பவர்களும் உண்டு. ஏற்றியதில் உள்ள முக்கிய ஆன்டிபாடியான ஐ.ஜி.ஜி. ஏறக்குறைய மூன்று வாரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்த டிரிப்புக்கு முந்தைய நாட்களில் எனக்குக் கை கால் ஓய்ந்துபோகும், மூக்கடைக்கும். இது மனப்பிரமையோ என்று நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளிகள் குழு ஒன்றில் பேச்சுவாக்கில் சொன்னபோது, “உனக்கும் அந்தக் கடைசி வாரமா?” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அடுத்த முறை மருத்துவரிடம் தேதி குறித்து எடுத்துச் சென்றேன். டிரிப்புக்குச் சற்று முன் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. அளவைப் பார்த்தார், இடைவெளியைக் குறைத்தார்.

என்னைக் கேட்டால், குழுவில் சேர்வது ஆறுதலுக்காக அல்ல, இதற்காகத்தான். அங்கே கிடைக்கும் குறிப்புகள் இப்படி இருக்கும்: வேகமாக ஏற்றினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடி. புட்டியைக் குலுக்கவிடாதே, நுரைத்துவிடும். மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிவை. இதெல்லாம் மருந்துத்தாளிலும் இருக்கிறது. பட்டவர் சொல்லும்போதுதான் மண்டையில் ஏறுகிறது. நோய்த்தொற்று உண்டா என்று பார்க்கும் ஆன்டிபாடிப் பரிசோதனைகள் என் விஷயத்தில் ஏமாற்றிவிடும் என்பதும் அப்படிக் கற்றதுதான்: என் ரத்தத்தில் இருப்பவை கொடையாளர்களின் ஆன்டிபாடிகள். கிருமியையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். வேண்டும். புதிய மருத்துவர் யாரைப் பார்த்தாலும் இதை நானே சொல்லிவிடுகிறேன். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகள் எனக்கு ஆகாது என்பதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். போலியோ சொட்டு மருந்தில் உள்ள கிருமி குழந்தையிடமிருந்து நமக்குத் தொற்றக்கூடும். அதனால் வீட்டில் குழந்தை இருந்தால், சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி, தேடுவது எப்படி? டிரிப் ஏற்றும் வார்டின் செவிலியரிடம் தொடங்குங்கள். அதே நாற்காலிக்கு வேறு யார் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமுள்ளவர்கள் பேசட்டும் என்று சொல்லிவையுங்கள். அடுத்து ஐபோபி (IPOPI) என்ற சர்வதேச அமைப்பு. பல நாடுகளின் நோயாளர் அமைப்புகள் 1992 முதல் இதன் குடையின் கீழ் இருக்கின்றன. உங்கள் நாட்டில் அமைப்பு உண்டா என்று அங்கே பார்க்கலாம். 15 வயதில் இறந்த மகனின் நினைவாகப் பெற்றோர் 1987இல் தொடங்கிய ஜெஃப்ரி மோடல் அறக்கட்டளை, சிறப்பு மருத்துவ மையங்களை இணைத்து வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 22 முதல் 29 வரை இந்நோய்களுக்கான உலக வாரம். அப்போது கூட்டங்கள் நடக்கும், புதியவர்கள் நுழைய நல்ல நேரம்.

குழு என்றால் குப்பையும் இருக்கும். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ பொடி விற்பவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார். இல்லாத பி செல்லை எந்தப் பொடி கூட்டும்? யாராவது அனுபவம் சொன்னால், அவருக்கு எந்த வகை, என்ன சிகிச்சை என்று கேட்ட பிறகே காதில் போட்டுக்கொள்ளுங்கள். பெயரும் முகவரியும் தெரிய ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடாதீர்கள். ‘நோயெதிர்ப்புக் குறைபாடு’ என்றதும் எய்ட்ஸ் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலையிடத்தில் யாரிடம் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் “பிறவியிலேயே உள்ளது, என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது” என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

உங்களுடையதும் எக்ஸ் குரோமோசோம் வழி வருவதாக இருந்தால், அம்மாவையும் குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘என்னால்தானே’ என்று என் அம்மா பல ஆண்டுகள் மனதுக்குள் வைத்திருந்ததை என்னிடம் பேசவே இல்லை. இன்னொரு பையனின் அம்மாவிடம் அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டார். அம்மா அந்த மரபணுவைச் சுமப்பவர் என்றால், அக்கா தங்கைகளுக்கும் அது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. குழந்தை பெறும் திட்டம் அவர்களுக்கு இருந்தால், மரபணு ஆலோசகரை முன்பே பார்த்துவிடட்டும்.