டர்போ போட்டதும் டார்ச் அணைகிறதா? செல்லை மாற்றிப் பாருங்கள்

ரீசார்ஜ் டார்ச் டர்போவில் (மிக அதிக வெளிச்ச நிலையில்) அணைந்துபோகிறது என்று கேட்டவருக்கு: டார்ச்சில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் செல்லைத்தான் மாற்ற வேண்டும். லோவில் (குறைந்த வெளிச்சத்தில்) மணிக்கணக்கில் எரிகிறது, டர்போ போட்ட 2 விநாடியில் அணைகிறது, பின்மூடியைத் திருகிக் கழற்றி மாட்டினால் மறுபடி எரிகிறது என்கிறீர்களே, அது செல்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கரண்டைத் துண்டிப்பதாகத்தான் இருக்கும். இந்த மாதிரி டார்ச் டர்போவில் 10 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும், மலிவான செல் தாங்காது.

செல்லின் உறையில் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்தால் அது சுத்தப் பொய். இந்த டார்ச்சுகளில் போடும் 18650 என்ற அளவுள்ள நல்ல லித்தியம் செல்லே பெரும்பாலும் 2500 முதல் 3500 வரைதான்.

உங்கள் கம்பம் ஊரில் தெரிந்த நகைக்கடை இருந்தால் செல்லைத் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் செல் சுமார் 45 கிராம் இருக்கும், 30-க்குப் பக்கத்தில் நின்றால் தூக்கிப் போடலாம் (குப்பையில் அல்ல, மின்கழிவு எடுப்பவரிடம்). அப்புறம் பின்மூடி மரையையும் ஒருமுறை துடையுங்கள், கம்பம்மெட்டுப் பனியில் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோகிற டார்ச்சில் ஈரமும் களிம்பும் பிடித்திருக்கும். எனக்கு ஒருமுறை அதுவே காரணமாக இருந்தது.

சரி, புதிதாக வாங்கும்போது தொடர்ந்து 10 ஆம்பியராவது தரும் செல்லாகக் கேளுங்கள். ஆனால் அவற்றில் பல பாதுகாப்பு சர்க்யூட் இல்லாதவை, அதனால் வெளிச்சம் மங்கியதும் நிறுத்திவிடுங்கள், 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். தனிச் செல்லைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடவே கூடாது.