மாடி இல்லாத சபை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்து போய்வந்த கட்டுரையில், “இங்கே மேலவை கிடையாது, ஒரே சபைதான்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு வாசிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பூர்வகுடியான மாவோரி இனத்து இளம் பெண் எம்.பி. ஒருவர் மசோதாவைக் கிழித்துவிட்டு, ஹாக்கா என்ற அவர்களுடைய முழக்க நடனத்தை ஆடிய வீடியோ வாட்ஸப்பில் சுற்றியதே, அது இந்தச் சபையில்தானே? அந்த மசோதா கடைசியில் என்ன ஆயிற்று?

நான் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவன். எங்களிடம் சின்ன வவுச்சருக்குக்கூட இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் போடுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஒரு நாட்டின் சட்டத்துக்கு ஒரே கையெழுத்து எப்படிப் போதும்? ஜெயித்த கட்சி ராத்திரியோடு ராத்திரியாக எதையாவது நிறைவேற்றினால் யார் தடுப்பது? கூடவே ஒன்று: 1986-ல் எம்.ஜி.ஆர். நம் மேலவையைக் கலைத்தாரே, அதில் நமக்கு நஷ்டமா லாபமா?

க. ர.
தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், அதே சபைதான். அந்த எம்.பி.யின் பெயர் ஹானா-ராவிட்டி மைப்பி-கிளார்க். தேதி 2024 நவம்பர் 14. மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840-ல் கையெழுத்திட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகள் இன்னின்னவை என்று சட்டம் போட்டு வரையறுக்கப் பார்த்த மசோதா அது. அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த ஆக்ட் என்ற சிறிய கட்சி கொண்டுவந்தது. ஹாக்கா எழுந்ததும் சபாநாயகர் சபையை நிறுத்திவைத்தார், மைப்பி-கிளார்க்கை அன்றைக்கு வெளியே அனுப்பினார். நம் வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது. மசோதாவோ அன்றே முதல் வாசிப்பில் தேறிவிட்டது.

அதற்கப்புறம்தான் நீங்கள் தேடுகிற இரண்டாவது கையெழுத்து வருகிறது. அங்கே முதல் வாசிப்பு தாண்டிய மசோதா பொதுவாக ஒரு தேர்வுக் குழுவுக்குப் போகும். நம் நாடாளுமன்றத்தில் குழுவுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் பெரும்பாலும் ஆளுங்கட்சியின் மனசு. அங்கே அனுப்புவது வழக்கம், அனுப்பாமல் விடுவதற்குத்தான் தனியாகக் காரியம் செய்ய வேண்டும். குழுவுக்கு வழக்கமான கெடு ஆறு மாதம். அதற்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம், நேரில் பேச வாய்ப்பும் கேட்கலாம்.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் மகளின் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஏதோ ஒரு சின்ன மசோதா, நாம் செய்தித்தாளில் படித்தால் புரட்டிவிட்டுப் போகிற ரகம். அதற்கு அவர் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கூப்பிட்டார்கள். சமையலறை மேஜையில் லேப்டாப்பை ஒரு ரொட்டிப் பெட்டி மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, மேலே கோட்டும் கீழே வீட்டுச் செருப்புமாக உட்கார்ந்தார். பத்து நிமிடம். எதிர்த்திரையில் எல்லாக் கட்சி எம்.பி.க்களும் ஒரே மேஜையைச் சுற்றி. ஒரு எதிர்க்கட்சி எம்.பி. அவரிடம் ஒரு கணக்குக் கேட்டார். “கையில் இல்லை, எழுதி அனுப்புகிறேன்” என்றார் மனிதர். அனுப்பவும் செய்தார். குழுவின் அறிக்கை வந்தபோது அவர் சொன்ன திருத்தம் அதில் இல்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. “கேட்டார்கள் அல்லவா?” என்றார். எனக்குத்தான் ஆற்றாமையாக இருந்தது.

ஒப்பந்தக் கோட்பாடுகள் மசோதாவுக்கு இப்படி வந்த கருத்துகள் 3 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 50 லட்சம்தான். வந்தவற்றில் 90 சதவீதம் எதிர்ப்பு. குழு “வேண்டாம்” என்று அறிக்கை கொடுத்தது. 2025 ஏப்ரல் 10 அன்று இரண்டாம் வாசிப்பு. வாக்கெடுப்பு நடக்கும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விட்ட விஷயங்களைத் தவிர மற்றவற்றில் எம்.பி.க்கள் எழுந்துபோய் வரிசையில் நிற்பதில்லை. எழுத்தர் கட்சிப் பெயரைப் படிப்பார், கொறடா இருந்த இடத்தில் இருந்தே தன் கட்சியின் மொத்த வாக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மளிகைக் கடையில் பட்டியல் ஒப்பிக்கிற மாதிரி. அன்றைக்கு மசோதாவுக்கு ஆதரவாக ஆக்ட் கட்சியின் 11, எதிராக மற்ற எல்லோருடைய 112. முதல் வாசிப்பில் கூட்டணி ஒப்பந்தத்துக்காகக் கைதூக்கிவிட்ட பெரிய கூட்டாளியான நேஷனல் கட்சியும் எதிர்ப்பக்கம்தான்.

மேலவை இல்லாமலே மசோதா விழுந்தது. சரி, அப்படியானால் மேலவை இருந்த காலத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது?

நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டும்போது ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். சிவப்புக் கம்பளம், நல்ல வேலைப்பாடு, ஆளில்லை. மக்கள் பிரதிநிதிகள் சபையில் பச்சை, இங்கே சிவப்பு. பழைய மேலவையின் கூடம் அது. 1852-ன் சட்டப்படி உண்டான மேலவை, உறுப்பினர் எல்லோரும் நியமனம், ஆரம்பத்தில் ஆயுள் முழுக்கப் பதவி. 1891-ல் அதை ஏழு ஆண்டு என்று குறைத்தார்கள். நியமிப்பது நடைமுறையில் ஆளும் அரசு என்றானபின் அந்த அரசை அவர்கள் எங்கே தடுப்பது? 1949-ல் ஜெயித்துப் பிரதமரான சிட்னி ஹாலந்து, மேலவையை ஒழித்துவிடுவேன் என்று சொல்லியே வந்தவர். ஆனால் மேலவையை ஒழிக்கும் சட்டத்துக்கு மேலவையும் சம்மதிக்க வேண்டுமே! அதற்கென்றே புது ஆட்களை நியமித்தார். அவர்கள் வந்து உட்கார்ந்து, தங்கள் பதவியைத் தாங்களே ஒழிக்க வாக்களித்துவிட்டு எழுந்து போனார்கள். ‘தற்கொலைப் படை’ என்று பெயர் வைத்தது அந்த ஊர். நம் காதுக்கு வேறு ஏதோ போல ஒலிக்கும். 1951 ஜனவரி 1 முதல் ஒரே சபை.

உங்கள் வவுச்சர் உதாரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் ஒரு காலத்தில் ஒரு அலுவலகச் சங்கத்தில் இரண்டாவது கையெழுத்துக்காரன். ஒவ்வொரு தடவையும் தேடி வருகிறார்களே என்று, ஒரு காசோலைப் புத்தகம் முழுக்க முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டேன். விதிப்படி இரண்டு கையெழுத்து இருந்தது. அந்த மேலவையில் ஏறக்குறைய நூறு வருஷம் நடந்ததில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம். ஒரு வேடிக்கை, அந்த அறையை இன்னும் பூட்டவில்லை. சபை தொடங்கும் நாளில் கவர்னர் ஜெனரல் உரை வாசிப்பது அங்கேதான். கீழவைக்காரர்கள், இல்லாமல்போன மேலவையின் கூடத்துக்கு நடந்துபோய்க் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

மேலவையை எடுத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த நாற்பது வருஷம் ஒரு கட்சி ஜெயித்தால் அதன் அமைச்சரவை வைத்ததே சட்டம். நம்மைப் போலவே தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கும் முறைதான் அங்கும். 1978-லும் 1981-லும் லேபர் கட்சிக்குத்தான் நாடு முழுக்க அதிக வாக்கு. இரண்டு தடவையும் ஆட்சி பிரதமர் மல்டூனின் நேஷனல் கட்சிக்கு. 1981-ல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாம் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. கிடைத்த இடம் இரண்டு! 1984-க்குப் பின் வந்த லேபர் அரசோ, பொருளாதாரத்தையே மூச்சுவிட நேரம் கொடுக்காமல் புரட்டிப்போட்டது. இரண்டு கட்சியிடமும் பட்டபிறகு மக்கள் 1993 வாக்கெடுப்பில் தேர்தல் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் ஆளுக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி வாக்கின் விகிதப்படிதான் இடங்கள். அதனால் தனிப்பெரும்பான்மை அபூர்வம். இந்த முறை வந்தபின் ஒரே ஒரு தடவை, 2020-ல், லேபருக்கு 120-க்கு 65 கிடைத்தது. மற்றபடி எப்போதும் கூட்டாளியைக் கேட்டாக வேண்டும். கோட்பாடுகள் மசோதா விழுந்ததில் அந்த 3 லட்சம் கடிதங்களுக்கு எவ்வளவு பங்கோ, இந்த இடக்கணக்குக்கும் அவ்வளவு பங்கு.

நீங்கள் கேட்ட ‘ராத்திரியோடு ராத்திரி’க்கு வருகிறேன். அது நடக்கும். நடந்தது. அந்த மசோதா விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2025 மே முதல் வாரம், பெண்கள் அதிகம் செய்யும் வேலைகளுக்கான ஊதியச் சமத்துவக் கோரிக்கைகளுக்கு விதிகளைக் கடுமையாக்கும் சட்டத்தை அரசு இரண்டே நாளில் நிறைவேற்றியது. நடந்துகொண்டிருந்த 33 கோரிக்கைகள் அதோடு நின்றுபோயின. குழு இல்லை, பத்து நிமிடம் இல்லை, ரொட்டிப் பெட்டி இல்லை. இதற்கு ‘அவசரம்’ என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும், குழுவைத் தாண்டிக் குதித்துவிடலாம். அவசரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சபையின் நாள் முடியாது. வெளியே வெள்ளிக்கிழமை விடிந்து பால் வண்டி வந்துவிட்டுப் போயிருக்கும், சபைக் குறிப்பில் இன்னும் வியாழக்கிழமைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

நீதிமன்றம்? நம் உச்ச நீதிமன்றம் போலச் சட்டத்தைச் செல்லாது என்று அடிக்க அங்கே அதிகாரம் இல்லை. ஒரே புத்தகமாக எழுதிய அரசியல் சாசனமும் இல்லை. 2022-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், வாக்களிக்க 18 வயது என்பது உரிமைச் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சொன்னது. சொன்னது, அவ்வளவுதான். வயது இன்னும் 18. காரணம், வாக்களிக்கும் வயது, மூன்று வருஷப் பதவிக்காலம் மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் தேர்தல் சட்டத்தில் 268-வது பிரிவு என்று ஒரு பூட்டு உண்டு. 75 சதவீத எம்.பி.க்கள் வேண்டும், அல்லது மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். பதவிக்காலத்தை நான்கு வருஷமாக்கலாமா என்று 1967-லும் 1990-லும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ‘வேண்டாம்’. இதில் ஒரு கூத்து: 268-வது பிரிவுக்கே பூட்டு கிடையாது. அதைச் சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கிவிடலாம். கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வாசல் ஆணியில் மாட்டிவைத்த மாதிரி. இதுவரை யாரும் எடுக்கவில்லை, கூச்சம்தான் காவல். எனக்கு அந்த அமைப்பில் பிடித்ததும் பயமாக இருப்பதும் இந்த ஒரே விஷயம்தான்.

இடையில் ஒன்று சொல்லாமல் போனால் மனசு கேட்காது. அமைச்சர் அல்லாத எம்.பி.க்களின் மசோதாக்களில் எது சபைக்கு வரலாம் என்பதை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் எண் போட்ட வில்லைகளைப் போட்டுக் குலுக்கி எடுத்துத் தீர்மானிக்கிறார்கள். நிஜமாகவே பிஸ்கட் டின், நம் வீட்டில் ஊசி நூல் போட்டு வைப்போமே அந்த மாதிரி. தன்பாலினத் திருமண மசோதா 2012-ல் அதிலிருந்து வந்தது. அடுத்த ஏப்ரலில் 77-க்கு 44 என்று நிறைவேறியபோது பார்வையாளர் மாடம் எழுந்து நின்று ஒரு மாவோரிக் காதல் பாட்டைப் பாடியது. அந்த வீடியோவும் கிடைக்கும், பாருங்கள்.

இலங்கையிலும் செனட்டை 1971 அக்டோபரில் ஒழித்தார்கள். அடுத்த வருஷமே வந்த புது அரசியலமைப்பில், சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29-வது பிரிவும் இல்லாமல் போனது. ஒரே சபை என்ற ஒற்றுமையை வைத்து இரண்டு நாட்டையும் ஒரே தராசில் போட முடியாது. அது தனியாக எழுத வேண்டியது.

கடைசியாக 1986. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று நம் மேலவை போனது. உடனடிக் காரணம் ஒரு நடிகையின் நியமனச் சிக்கல் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மேலவை போனதை நஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது செய்திருக்க வேண்டிய வேலையை வேறு எங்கே செய்வது என்ற கேள்வி கூடவே காணாமல் போனது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் வரிசையாகக் குரல் வாக்கெடுப்பில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2010-ல் மேலவையைத் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. 2011-ல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம் போட்டார்கள். சண்டை முழுக்க மாடி வேண்டுமா வேண்டாமா என்பதில்தான். பேருந்து ஓட்டுநருக்குப் பத்து நிமிடம் கொடுப்பது பற்றி இரண்டு பக்கமும் பேச்சே இல்லை.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் வங்கியில் இரண்டாவது கையெழுத்துப் போட்டவர்கள் வவுச்சரைப் படித்துவிட்டுத்தான் போட்டார்களா?

அன்புடன்.