கரண்ட் போனால் ஹாலில் கடல்நீர்

கேள்வி: எங்கள் வீடு மதுரை ஆனையூரில். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் உப்புநீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். கோமாளி மீன் இரண்டு, டாம்செல் நான்கு இருக்கின்றன. கீழே கேபினெட்டுக்குள் இரண்டரை அடிக்கு ஒரு அடியில் சம்ப், அதாவது மேல்தொட்டி நீர் குழாய் வழியாக இறங்கி, பம்ப் மூலம் திரும்ப மேலே ஏறும் கீழ்த்தொட்டி. கரண்ட் போகும்போதெல்லாம் சம்ப் வழிந்து ஹால் நனைகிறது. பிளம்பர் தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு போடலாம் என்கிறார். இறங்கும் குழாய் ராத்திரி முழுக்கக் களகளவென்று சத்தம் போடுகிறது. பாறைக்குப் பின்னால் சிவப்பாக வழுவழுவென்று ஏதோ படர்கிறது. மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் பம்பை எடுத்துவிட்டு 6000 லிட்டர் பம்ப் வைத்தால் எல்லாம் சரியாகுமா? அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம், கடற்கரையில் பவளக்கல் கிடைத்தால் எடுத்து வரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பெரிய பம்ப் வாங்காதீர்கள். இருக்கிற பம்பே உங்கள் தொட்டிக்கு அதிகம்.

முதலில் ஹால் நனைகிற கதை. நீங்கள் அனுப்பிய படத்தில், பம்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் தலைகீழாக இறங்கத் தொடங்கும், கேனிலிருந்து ரப்பர் குழாய் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவது போல. குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்று புகும் வரை அது நிற்காது. உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 5.4 லிட்டர் தண்ணீர். 10 செ.மீ. இறங்கினால் 54 லிட்டர். அத்தனையும் சம்புக்கு வந்தால் அங்கே 24 செ.மீ. ஏற வேண்டும். படத்தில் சம்பின் மேலே காலியாக இருப்பது அதில் பாதிகூட இல்லையே, வழியாமல் என்ன செய்யும்?

அதனால் குழாயின் வாயை மேலே தூக்குங்கள். நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் போதும். அப்போது 11 லிட்டர்தான் இறங்கும், சம்பில் 5 செ.மீ. ஏறும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போடுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் பாசியும் நத்தையும் அதை அடைத்துவிடும், வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும். செக் வால்வும் அப்படித்தான். கிணற்று மோட்டாருக்கு நல்ல சாமான். உப்புநீரில் உள்ளே சுண்ணாம்பு படிந்து கதவு சரியாக மூடாமல் போகும், நமக்குத் தெரியவும் தெரியாது. அதை மட்டும் நம்பி ஊருக்குப் போகாதீர்கள்.

அப்புறம், சம்பில் எவ்வளவு ஊற்றுவது என்ற கணக்கு. பம்பை நிறுத்துங்கள். மேலிருந்து இறங்க வேண்டியதெல்லாம் இறங்கட்டும். விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரும் வரை தண்ணீரைச் சரிசெய்து பம்பைப் போடுங்கள். மட்டம் நிலைத்ததும் பம்ப் இருக்கும் அறையில் மார்க்கரால் ஒரு கோடு. பம்ப் ஓடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சொம்புகூட ஊற்றக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் நீர் வேகமாக வற்றும், ‘இன்னும் கொஞ்சம் ஊற்றி வைப்போம்’ என்று கை வரும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. ஆகவே ஈடுசெய்ய ஊற்றுவது வெறும் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும்.

சத்தத்துக்குக் காரணம், ஒரு அங்குலக் குழாயில் தேவைக்கு மேல் தண்ணீர் காற்றோடு சேர்ந்து விழுவது. உங்கள் தொட்டி சுமார் 240 லிட்டர். சம்ப் வழியாக மணிக்கு 1000 முதல் 1500 லிட்டர் சுற்றினால் போதும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 3000 என்பது உயரமே ஏறாமல் தள்ளும் அளவு. மேலே ஏற ஏறக் குறையும், குழாய் வளையும் ஒவ்வொரு எல்போவும் இன்னும் கொஞ்சம் தின்னும். உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, குழாயின் வாயை 10 லிட்டர் வாளியில் விடுங்கள். 30 நொடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர். அதிகம் வந்தால் பம்புக்குப் பிறகு ஒரு பி.வி.சி. பால் வால்வு வைத்துக் குறையுங்கள், உறிஞ்சும் பக்கம் அல்ல. இறங்கும் குழாயின் தலையில் ‘T’ வடிவ இணைப்பு வைத்து, மூடியில் காற்றுக்குச் சிறு துளை விட்டால் களகளப்பு பெரும்பாலும் அடங்கும். உங்களுக்கு இறங்குவதற்கு இருப்பது ஒரே குழாய். அதில் மட்டும் வால்வு போட்டுத் திருகவே கூடாது. ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால் மேல்தொட்டி வழியும். சந்தேகம் இருந்தால் வீட்டில் இருக்கும்போதே அந்தக் குழாயைத் துணியால் அடைத்துப் பாருங்கள். பம்ப் அறை வற்றும் வரை மேல்தொட்டி தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் அந்த அறையைச் சிறிதாக்குங்கள்.

படத்தில் ஒரு பித்தளை வால்வும் தெரிகிறது. அதை இன்றே கழற்றுங்கள். அதிலிருந்து கசியும் செம்பு நத்தை, இறால் எதையும் விட்டுவைக்காது.

சிவப்பு வழுவழுப்பு, தண்ணீர் அசையாத மூலையில் குப்பை தங்குவதால் வருவது. அதிகத் தீனியும் ஒரு காரணம். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்குவது, உள்ளேயே பொருத்தும் வேவ்மேக்கர் என்ற சிறு விசிறியின் வேலை, சம்பிலிருந்து மேலே தள்ளும் பம்பின் வேலை அல்ல. சிறியதாக இரண்டு வாங்கி எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து மணிக்கு 3000 முதல் 4000 லிட்டர் தள்ளினால் உங்கள் மீன்களுக்குத் தாராளம். ஒன்றின் முகம் சற்று மேல்நோக்கி இருந்து நீர்மட்டம் சலசலக்கட்டும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, கோடையில் மீனைக் காப்பாற்றுவது அந்தச் சலசலப்புதான். பாறையைப் பின்கண்ணாடியிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள். இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் இணைத்தால், கரண்ட் போனாலும் மீன் மூச்சுவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து பவளக்கல் வேண்டாம். கல்பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கியதானாலும் எடுத்து வந்தால் வழக்குதான்.