டம்பரில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் இறங்குவது? கேள்வி பதில்

சுரங்க டம்பர் (மண்ணும் பாறையும் ஏற்றும் ராட்சத லாரி), எக்ஸ்கவேட்டர்களில் பராமரிப்பு, அப்புறம் தீப் பாதுகாப்புப் பயிற்சி என்று பல வருடம் கழித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

புதிய ஆபரேட்டர்: என்ஜின் பக்கம் புகை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், அண்ணா?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள், என்ஜினை அணையுங்கள், கேபினில் இருக்கும் தீயணைப்புப் பட்டனை அழுத்துங்கள், வாக்கி-டாக்கியில் இடத்தைச் சொல்லுங்கள், இறங்குங்கள். தானாக வேலை செய்யும் அமைப்பு இருந்தாலும் பட்டனை அழுத்துங்கள், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பலர் என்ஜினை ஓடவிட்டே பட்டனை அழுத்துகிறார்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் நுரையும் பவுடரும் தீயில் விழாமல் பறந்துவிடும். அதோடு பம்புகள் ஆயிலைத் தீக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். டர்போவும் எக்ஸாஸ்டும் முழு லோடில் 500 டிகிரியைத் தாண்டும். டீசல் ஏறக்குறைய 250 டிகிரியிலும் ஹைட்ராலிக் ஆயில் 350-க்குள்ளும் தானாகப் பற்றிக்கொள்ளும். ஹோஸில் ஊசித்துளை போதும், ஆயில் பனி மாதிரிச் சீறி நேராக டர்போமேல் போய் விழும். என்ஜினை அணைத்த பிறகும் அக்குமுலேட்டரில் (ஆயிலை அழுத்தத்தோடு சேமித்து வைக்கும் உருளை) அழுத்தம் மிச்சம் இருக்கும் என்பதால் சீறல் உடனே நிற்காது. அதனால்தான் பட்டனை அழுத்தியாயிற்று என்று கேபினிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது.

இன்னொரு ஆபரேட்டர்: எங்கள் வண்டியில் படிக்கட்டு ரேடியேட்டருக்கு முன்னால் குறுக்காகப் போகிறது. தீ அங்கேயே இருந்தால்?

நல்ல கேள்வி, எல்லாரும் கேட்க வேண்டியது. பெரிய டம்பர்கள் பலவற்றில் படி அங்கேதான். தினமும் ஏறுவதற்கு அது வசதி, தீப்பிடித்தால் அதுவே அடுப்பு வாசல். மண் அள்ளும் இயந்திரங்களில் ஏறி இறங்கும் வழிகளுக்கான ஐஎஸ்ஓ 2867 தரம் மாற்று வழி ஒன்றையும் கேட்கிறது. உங்கள் வண்டியில் அது எங்கே? எதிர்ப்பக்க டெக்கில் மடக்கி வைத்த ஏணியா, ஜன்னலா, கயிறா? ஷிப்ட் தொடங்கும்போது போய்ப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, ஒருமுறை இறங்கியும் பாருங்கள்.

ஒரு பயிற்சியில் அவசர ஏணியைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை (pin) இழுக்கச் சொன்னேன். பெயிண்ட் அடித்து அடித்து அது ஒட்டிக்கிடந்தது, இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை. அந்த வண்டியின் சோதனைத் தாளில் மாதாமாதம் 'சரி' என்று டிக் இருந்தது.

அவசரத்தில் குதித்துவிடலாமா?

கூடாது. கேபின் மாடி வீட்டு உயரத்தில் இருக்கிறது.

மெக்கானிக்: எத்தனை கிலோ தீயணைப்பான் வைக்கலாம்?

9 கிலோ பவுடர் பொதுவாக வைப்பார்கள். அரை நிமிடம்கூட வராது. சின்னத் தீயை அணைக்க, தப்பும் வழியைத் திறக்க அது போதும். எரியும் என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே அடிக்க அல்ல. திறந்ததும் காற்று உள்ளே போய் தீ முகத்துக்கே வரும்.

நீங்கள் மெக்கானிக் என்பதால் ஒன்று: ஆயில் ஊறிய எக்ஸாஸ்ட் உறையை மாற்றாமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

டயர் பிரிவுக்காரர்: டயர் சூடாகிப் புகைந்தால் 300 மீட்டர் தள்ளி 24 மணி நேரம் நிற்கச் சொல்கிறார்கள். எங்கள் டயரில் நைட்ரஜன்தான். ஆக்சிஜன் இல்லாமல் எப்படி வெடிக்கும்?

பாதி சரி. சூட்டில் உள் ரப்பர் சிதைந்து எரிவாயு வரும். வெப்பம், வாயு, ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் உள்ளேயே வெடிக்கும். நைட்ரஜன் மூன்றாவதைக் குறைக்கிறது. ஆனால் பிரேக் சூட்டிலோ வெளித் தீயிலோ அழுத்தம் ஏறி டயர் கிழிவதை அது தடுக்காது. 4 மீட்டர் உயரம், 5 டன்னுக்கு மேல் எடை உள்ள டயரின் லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டும் இரும்பு வளையம்) பறந்து வந்தால், உள்ளே என்ன வாயு இருந்தது என்றா பார்க்கப் போகிறோம்?

அதே நண்பர்: 7 பார் அழுத்தம். முதலில் உள்ளே இருந்த சாதாரணக் காற்றைச் சேர்த்தாலும் ஆக்சிஜன் 3 சதவீதத்துக்குக் கீழேதான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போட்டேன். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; 7 பாரோடு முதலில் இருந்த காற்றின் 1 பாரையும் சேர்த்தால் 8. 21-ஐ 8-ஆல் வகுத்தால் 2.6, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பீடு (டயரின் உள்விளிம்பு) ரிம்மில் உட்காருவதற்கு முதலில் கம்ப்ரஸர் காற்று 3 பார் ஏற்றிவிட்டு, மீதியை நைட்ரஜனால் நிரப்பினால்? உள்ளே பாதி காற்று, ஆக்சிஜன் 10 சதவீதத்துக்கு மேல். இரவு ஷிப்டில் அழுத்தம் குறைந்தது என்று யாராவது சாதாரணக் காற்றை அடித்தால் இன்னும் மோசம். உங்கள் கணக்கு ஒழுங்காக நிரப்பிய டயருக்கு. எரியும் டயரில் எது இருக்கிறது என்று அந்த நேரத்தில் யார் அளந்தார்கள்?

வேறொருவர் (நடுவில் புகுந்து): நாங்கள் 20 நிமிடத்தில் போய் தண்ணீர் அடித்தோம். ஒன்றும் ஆகவில்லை.

அன்று ஆகவில்லை. உள்ளே ரப்பர் வெந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது, தீ அணைந்து பல மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம். மின்கம்பியில் டம்பர் பட்டாலோ மின்னல் விழுந்தாலோ இதே கதை, அப்போது வெளியே புகைகூட இருக்காமல் போகலாம். டயர் விவாதத்தை இதோடு விடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பேட்டரி வண்டிக்கும் இதே முறைதானா?

இறங்கி ஓடுவது மட்டும் அதேதான். லித்தியம் பேட்டரி அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும், புகை நச்சு. காற்று வரும் திசைக்குப் போங்கள். அதற்கு மேல் அந்த வண்டியைச் செய்தவர்களின் கையேட்டைப் பாருங்கள்.

சார், தீயணைப்பான் 6 கிலோ போதுமா?

மேலே சொன்னேன்.

பெரிய தீயணைப்பான் வாங்கினால் நின்று அணைக்கலாமே?

மூன்றாவது முறை! எடை ஏற ஏற அதைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்குவது யார்? வண்டி போனால் போகட்டும்.

ஆபரேட்டர் வேலைக்கு எங்கே விண்ணப்பிக்கலாம்?

இது அந்த இடம் இல்லை, தம்பி.

ஜன்னல் உடைக்கும் சுத்தியல் கேபினில் இருக்கிறது. அது போதுமா?

கண்ணாடியைப் பொறுத்தது. டெம்பர்ட் கண்ணாடி ஒரே அடியில் நொறுங்கும். லாமினேட்டட் என்றால் விரிசல் விழுமே தவிர, நடுவில் உள்ள படலம் விடாது. பாலிகார்பனேட் என்றால் சுத்தியலே திரும்பி வரும். கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் வகை போட்டிருக்கும். நாளை ஏறும்போது அதைப் படித்துவிட்டு, எந்த ஜன்னல் உடையும் என்று எனக்கும் சொல்லுங்கள்.