விதையில் குறையில்லை, ஈரத்தில்தான் கோளாறு

கேள்வி: மொட்டை மாடியில் செண்டுமல்லி, பெட்டூனியா, ஜினியா மூன்றையும் பழைய தொட்டிமண்ணில் விதைத்தேன். செண்டுமல்லி நன்றாக முளைத்தது; ஒரே வாரத்தில் கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிட்டது. பெட்டூனியா முளைக்கவே இல்லை. ஜினியா நாற்று மாற்றி நட்டதும் வாடுகிறது. பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: செண்டுமல்லி நன்றாக முளைத்திருக்கிறது என்றால் அந்த விதையைக் குறை சொல்ல வழியில்லை. சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். விதையிலை இரண்டும் பச்சையாகவே இருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு பழுப்பேறி நூலாகச் சுருங்கியிருக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்கள் பழைய தொட்டிமண்ணில் தங்கியிருக்கும். நெருக்கமாக விதைத்து, மேல்மண் காயவே விடாமல் தண்ணீர் ஊற்றினால் கிளம்பிவிடும்.

அதனால் நாற்றுக்குத் தோட்டத்து மண்ணே வேண்டாம். தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு முறையாவது அலசிப் பிழிந்துவிடுங்கள்; அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கும். ஓசூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் 98 குழிகள் கொண்ட நாற்றுத்தட்டு செண்டுமல்லிக்குக் கச்சிதம். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். காலையில் ஒரு முறை பூவாளியால் தெளியுங்கள். விரல் வைத்துப் பார்த்து ஈரம் இருந்தால் அன்று விட்டுவிடலாம்.

நம் தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கிறது. தட்டின் மேல் வெள்ளைப் படலம் கட்டினால் அதுதான் காரணம். நாற்றுக்காலம் மட்டுமாவது மழைநீரோ ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ விடுங்கள். அதற்கு ஒரு குடம் போதும்.

அழுகல் தொடங்கிவிட்டால், சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மீதி நாற்றின் அடியில் ஊற்றலாம். முன்னெச்சரிக்கையாகக் கலவையில் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) போட்டிருந்தால் இந்த மருந்தை ஊற்றாதீர்கள். தாமிரம் அந்த நல்ல பூசணத்தையும் பாதிக்கலாம். பலர் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காசை வீணாக்குகிறார்கள்.

பெட்டூனியாவின் கதை வேறு. தூசிபோல் பொடி விதை. முளைக்க வெளிச்சம் வேண்டும். பெரும்பாலும் மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள். ஈரக் கலவையின் மேல் தூவி லேசாக அமுக்கினால் போதும், மூடக் கூடாது. பூவாளி விதையை அடித்துக்கொண்டு போய்விடும். தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே பாலித்தீன் தாள் போர்த்தி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் 7 முதல் 10 நாளில் முளைவிடும். முளை கண்டதும் தாளை எடுத்துவிட வேண்டும். பாலக்கோட்டு வெயிலுக்கு இதைச் சித்திரையில் விதைப்பது வீண். புரட்டாசி, ஐப்பசிதான் சரியான பருவம்.

ஜினியாவுக்கு வேரைத் தொட்டாலே ஆகாது. பூக்க வேண்டிய தொட்டியிலேயே நேரடியாக விதைத்து, வலுவான செடிகளை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

செண்டுமல்லி நாற்றை நான்கைந்து இலை வந்ததும், 25 நாள் அளவில், மாலை வேளையில் நடுங்கள். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பெருகும். பூ சில நாள் தள்ளிப்போகும், எண்ணிக்கை கூடும். உயரமான ரகங்களில் விதைத்ததிலிருந்து முதல் பூவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். ஆயுதபூஜைக்குப் பூ வேண்டுமென்றால் ஆனிக் கடைசியிலேயே விதை தட்டில் விழுந்திருக்க வேண்டும். பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகம் என்று போட்டிருந்தால், அந்தப் பூவிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை உயரத்திலும் நிறத்திலும் ஒன்றுபோல் வராது.