மாணவர் பராமரிப்பு நிலையத்தில் கைரேகை: மறுக்கலாமா?

பள்ளி நேரத்துக்குப் பின் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையம், வருகைப் பதிவுக்குக் கைரேகை கேட்கிறது, மறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மறுக்கலாம். நிலையம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருந்தாலும், நடத்துவது தனியார் என்றால் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். சேர்க்கும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சம்மதத்தையும் திரும்பப் பெறலாம், எழுத்தில் கொடுங்கள்.

"எல்லாரும் கொடுத்தாச்சு" என்று நிலையத்தின் கவுண்டரில் இருந்த ஊழியர் சொன்னாரே, அவருக்கு விதி தெரியாமல் இருக்கலாம், பாவம். அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நிலையம் கட்டாயம் நியமித்திருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள்:

1. சேமிப்பது ரேகையின் படமா, அதிலிருந்து எடுத்த குறியீடு மட்டுமா?
2. யாருடைய சர்வரில்?
3. பிள்ளை விலகினால் எப்போது அழிப்பீர்கள்?

அப்புறம், வருகைப் பதிவுக்கு அட்டை போதுமே என்றும் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: ரேகை எடுப்பது அரசாங்கப் பள்ளியே என்றால் இந்தச் சட்டம் செல்லாது. அரசுத்துறைக்குத் தனி விதிகள். பள்ளி முதல்வரிடம்தான் பேச வேண்டும்.