கார்டு போச்சா, பஞ்சு அடைச்சிருக்கா?

கேள்வி: வீட்டில் கேம் ஆட அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5-10400எஃப் பிராசஸர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. இருபது நிமிடம் ஆடினால் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக வருகிறது. அப்புறம் திரை கறுத்துவிடுகிறது. கார்டு ஃபேன் அலறுகிறது, ஹெட்போனில் கேம் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்கிறது. அரை மணி நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி நன்றாக வருகிறது. டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்துவிட்டேன். கடையில் "கார்டு செத்துப்போச்சுங்க, வேற வாங்கிக்கோங்க" என்கிறார்கள். நண்பன் ஹீட் கன்னால் சூடு காட்டச் சொல்கிறான். என்ன செய்ய? — கல்லூரி மாணவர், சோமனூர்

பதில்: ஹீட் கன்னை முதலில் கீழே வையுங்க தம்பி. சூடு காட்டிய கார்டு சில நாள் ஓடுவது உண்டு. சிப்புக்கு அடியில் விட்டுப்போன இணைப்பு சூட்டில் அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அது மறுபடி விடும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரும் பிளாஸ்டிக்கும் வெந்திருக்கும்.

"அரை மணி நேரம் அணைத்துப் போட்டால் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, கடைக்காரர் காது கொடுத்திருக்க வேண்டிய வரி அது. அடியோடு செத்த கார்டு ஆறினால் எழுந்து வராது. கம்ப்யூட்டரைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கட்டம் தெரிந்தால் கார்டின் மேல் பழி போடலாம். கம்ப்யூட்டரே பொத்தென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆனால் நான் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சந்தேகிப்பேன். விண்டோஸின் பதிவேடான ஈவண்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகியிருக்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை. இருபது நிமிடம் கழித்துக் கட்டம், அப்புறம் இருட்டு, சத்தம் மட்டும் ஓடுகிறது. அதாவது கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, கார்டு மட்டும் கழன்றுகொள்கிறது. பெரும்பாலும் சூடு.

வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விசைத்தறி ஊரான சோமனூர் என்று எழுதியதே எனக்குப் போதும். பல்லடத்தில் என் சர்வீஸ் மேசைக்கு வரும் கார்டுகளில் மண்தூசியை விடப் பஞ்சுதான் அதிகம். மண்தூசி என்றால் ப்ளோயர் காட்டினால் பறந்துவிடும். பஞ்சு அப்படிப் போகாது. ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்ஸிங்க் தகடுகளுக்கும் நடுவே படிந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாகிவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும். காற்று மட்டும் உள்ளே போகாது. ஃபேன் பக்கத்திலிருந்து ப்ளோயர் அடித்தால் படலம் இன்னும் இறுகும். ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் செலவில்லாத சோதனை ஒன்று. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக உள்ளே திருப்பி வைத்து ஆடிப் பாருங்கள். இருபது நிமிடத்தில் வந்த கட்டம் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் சூடுதான் என்று முடிவு கட்டலாம். கூடவே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தில் பதிவை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். திரை கறுத்ததற்கு முந்தைய கடைசி வரிகளைப் பாருங்கள். இந்த வகைக் கார்டு 83 டிகிரி வாக்கில் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஆனால் இதில் ஒரு சங்கடம்: காட்டுவது நடு சிப்பின் சூடு. சுற்றியிருக்கும் மெமரி சிப்புகளின் சூட்டை இந்தக் கார்டு காட்டாது. நடு சிப் 75 என்று சாதுவாக நிற்கும்போதே மெமரி கொதித்துக்கொண்டிருக்கலாம். கட்டம் கட்டமாக வருவது பெரும்பாலும் மெமரியின் வேலை.

கட்டம் தெரியும் நேரத்தில் விண்டோஸ் பட்டனோடு பிரிண்ட் ஸ்க்ரீனை அழுத்திப் படம் பிடித்து, அதைப் போனில் திறந்து பாருங்கள். படத்திலும் கட்டம் இருந்தால் கேபிளும் மானிட்டரும் குற்றமற்றவை. படம் சுத்தமாக இருந்தால் முதலில் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் சும்மா விடாதீர்கள். இந்தக் கார்டு 125 வாட், பிராசஸர் 65 வாட். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளமாகத் தாங்கும். ஆனால் 450 என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்ததை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். பேப்பரில் சரியாக இருக்கும், நிஜத்தில் திணறும். கார்டின் தலையில் செருகும் 8 பின் கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். அது லூஸாக இருந்தாலும் கார்டு மட்டும் இருட்டாகும்.

சூடு என்று உறுதியானால் கார்டைத் திறக்க வேண்டும். அதற்கு முன் சீரியல் நம்பரை வைத்து வாரண்டி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழிக்குமுன் யோசியுங்கள். வாரண்டி இல்லையென்றால் ஃபேன் மூடியைக் கழற்றி, பஞ்சுப் படலத்தை இடுக்கியாலும் பிரஷ்ஷாலும் உரித்தெடுத்து, அப்புறம்தான் ப்ளோயர். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். சுற்ற விட்டால் பேரிங் போகும். நடு சிப்புக்கும் ஹீட்ஸிங்குக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிந்திருந்தால் மாற்றுங்கள். மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேடை (சூடு கடத்தும் மெத்தை) மாற்றினால் பழைய தடிமனிலேயே வாங்குங்கள். தடிமன் கூடினால் நடு சிப்பில் ஹீட்ஸிங்க் உட்காராது, கதை மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்குப் பிறகும் கட்டம் வந்தால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் மெமரி வேகத்தை 400, 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஆடிப் பாருங்கள். கட்டம் நின்றால் மெமரி சிப் ஏதோ ஒன்று பழுது. உங்கள் கார்டில் ஒவ்வொன்றும் 1 ஜிபி கொண்ட ஆறு சிப் இருக்கின்றன. சிப் மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கூலியைக் கேட்டுவிட்டு, அதே கார்டு இன்னொன்றை செகண்ட் ஹேண்டில் வாங்க ஆகும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதை முடிவு செய்யுமுன்னும் கார்டை நண்பன் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். உங்கள் பிராசஸரில் 'எஃப்' இருப்பதால், அதாவது அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இல்லாததால், கார்டைக் கழற்றினால் உங்களிடம் டிஸ்ப்ளேயே வராது. ஹீட் கன்னுக்குப் பதிலாக நண்பன் இந்த உதவியைச் செய்யட்டும்.

கேள்வி: மகன் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தரச் சொல்கிறான். "மைனிங் கார்டு வாங்கிடாதீங்க" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? — ஓர் அம்மா, கோபி

பதில்: வெசனப்படாதீங்க அம்மா. மைனிங் என்பது கார்டைக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் காசு சம்பாதிப்பது. எதீரியம் என்ற காசுக்காக அப்படி இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பர் 15-இல் எதீரியத்தில் அந்த முறை நின்றதும் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தது என்பதாலேயே கார்டு கெட்டுப்போகாது. தேய்வது ஃபேனும் தெர்மல் பேடும். நான் மைனிங் கார்டைவிட அஞ்சுவது போலிக் கார்டுக்கு. பழைய சிப்பில் புதுப் பெயரை எழுதி விற்கிறார்கள். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஜிபியு-இசட் திறந்து பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். போலி என்றால் பல நேரம் அதுவே சொல்லிவிடும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்பவரிடம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது கேம் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. கார்டு பழுதா? — வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதில் போடுங்கள், மாறும் நேரம் குறையும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் (மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராத வகை) என்றால் சில நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துவராது; கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு யுபிஎஸ் போட்டுவிடுங்கள்.